துரைக்கு இரண்டு யூனிட்

எங்கள் பூனை துரை மூத்திரம் போன இடத்தில் எறும்பு மொய்ப்பதை 1983 ஆகஸ்டில்தான் முதலில் கவனித்தேன். பாலக்கரை வீட்டுக் கொல்லையில், துவைக்கிற கல்லுக்குப் பின்னால் கறுப்பாக ஒரு வட்டம் தெரிந்தது. குனிந்து பார்த்தால் அத்தனையும் எறும்பு.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. அம்மாவின் நோயும் எங்களுக்கு இப்படித்தான் தெரியவந்தது. அதன்பின் ஒன்பது வருஷம், காலையும் மாலையும், அம்மாவுக்கு இன்சுலின் ஊசி போட்டவள் நான். கண்ணாடி ஊசியைக் கொதிக்க வைப்பது, மருந்தை ஈர மணல் பானையில் வைத்துக் குளிர்ச்சி காப்பது, காலில் புண் வந்திருக்கிறதா என்று பார்ப்பது, எல்லாம் என் வேலை. அண்ணன் சவரிராயன் திருவெறும்பூர் தொழிற்சாலையில் ஃபோர்மேன். அங்கேயே குவார்ட்டர்ஸில் குடும்பத்தோடு இருந்தான். மாதம் ஒருமுறை வந்து, அம்மாவின் கட்டில் பக்கத்தில் கால்மணி நேரம் உட்கார்ந்து, ஆப்பிள் வைத்துவிட்டுப் போவான். ஒருநாளாவது ஊசியைக் கையில் தொட்டதில்லை. "எனக்கு ரத்தத்தைப் பாத்தா மயக்கம் வரும்" என்பான். அந்த ஊசியில் ரத்தமே வராது.

அம்மா போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. வீட்டில் நானும் துரையும்தான். எனக்கு வயது நாற்பத்தொன்று, கல்யாணம் ஆகவில்லை, பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் வேதியியல் லேப் உதவியாளர். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அதற்குப் பின் நான் சந்தித்த ஒவ்வொருவரும் துரையைப் பார்ப்பதற்கு முன் என் கழுத்தைத்தான் பார்த்தார்கள். தாலி இல்லை என்று தெரிந்ததும், 'அதான் பூனை' என்பது போல ஒரு முகம்.

ஒரு பழைய எனாமல் தட்டில் கழுவிய கூழாங்கல் பரப்பி, துரையை அதிலேயே போக வைத்தேன். கல்லுக்கு அடியில் தேங்கியதை எடுத்துப்போய், பள்ளி விட்டபின் லேப்பில் பெனிடிக்ட் கரைசலோடு சேர்த்துக் காய்ச்சினேன். சர்க்கரை இல்லையென்றால் நீலமாகவே இருக்கும். கொஞ்சம் இருந்தால் பச்சை, அதிகமானால் மஞ்சள். துரையினுடையது எல்லாவற்றையும் தாண்டி, சுட்ட செங்கல் நிறத்துக்கு வந்து நின்றது.

முதலில் போன கால்நடை டாக்டர் இளைஞர். துரை இருந்த கூடையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

"பூனைக்குச் சர்க்கரைன்னு யாரு சொன்னாங்க?"

"நானே டெஸ்ட் பண்ணினேன் சார்."

அவர் சிரித்தார். உதவியாளரைக் கூப்பிட்டு, அவரும் சிரிக்கட்டும் என்று இன்னொரு முறை என்னைச் சொல்லச் சொன்னார். பிறகு, "விடுங்க மேடம். ஒரு ஊசி போட்டா தூங்கிடும். நீங்களும் வேற ஏதாவது நல்ல காரியம் பாக்கலாம்" என்றார்.

அந்த 'நல்ல காரியம்' என்ற சொல் இன்றுவரை என் காதில் இருக்கிறது.

வேறொருவரைப் பற்றிப் பள்ளியில் சொன்னார்கள்: நல்லுசாமி, ஓய்வுபெற்ற மாட்டு டாக்டர், ஜீயபுரத்தில் வாழைத்தோப்புக்கு நடுவே வீடு. ஞாயிற்றுக்கிழமை கூடையோடு பஸ் ஏறினேன். அவர் துரையின் தோலை இழுத்துப் பார்த்தார். பின்னங்கால்கள் குதிகால்வரை தரையில் படிய அவன் நடப்பதைப் பார்த்தார். உள்ளே போய்த் தடித்த புத்தகம் ஒன்றை எடுத்து வந்து வெகுநேரம் புரட்டினார்.

"நான் மாடு, எருமை பாத்தவன்மா. பூனைக்கு இன்சுலின் போட்டதில்லை, பொய் சொல்ல மாட்டேன். காலையில ஒரு யூனிட், சாயங்காலம் ஒரு யூனிட்டுன்னு ஆரம்பிப்போம். சாப்பிட்டாத்தான் போடணும். தள்ளாடினா வாயில குளுக்கோஸ் தடவுங்க. வாராவாரம் எனக்கு நிறத்தைச் சொல்லுங்க."

யாரும் சிரிக்காமல் பேசிய முதல் பேச்சு அது. திரும்பி வரும் வழியெல்லாம் எனக்குக் கண்ணில் தண்ணீர் நின்றது.

அம்மாவின் ஊசியையே மறுபடி எடுத்தேன். அதில் ஒரு யூனிட் என்பது மயிரிழை அளவுதான். கண்ணாடி போட்டுக்கொண்டு வெளிச்சத்தில் பிடித்து அளக்க வேண்டும். பிடரித் தோலைத் தூக்கிப் போட்டால் துரைக்குத் தெரியவே தெரியாது. தட்டிலிருக்கும் மத்தி மீனை விட்டுத் தலை நிமிர மாட்டான். மூன்றாம் வாரம் ஒரு தப்பு செய்தேன். பள்ளி மணி அடிக்கப் போகிறதே என்ற அவசரத்தில், அவன் சாப்பிட்டானா என்று பார்க்காமல் போட்டுவிட்டேன். செருப்பு மாட்டும்போது அவன் சுவரில் முட்டிச் சாய்ந்தான். குளுக்கோஸை ஈறில் தேய்த்து மடியில் வைத்துக்கொண்டு பதினொரு மணிவரை உட்கார்ந்திருந்தேன். அன்று பள்ளிக்கு லீவு. அதற்கப்புறம் அந்தத் தவறு நடக்கவில்லை. அக்டோபரில் இரண்டு யூனிட்டுக்கு வந்தோம். நிறம் மஞ்சளாகி, ஒருநாள் பச்சையானது. துரை துவைக்கிற கல்மேல் தாவி ஏறினான்.

அந்தச் சமயத்தில்தான் அண்ணன் வந்தான். அவன் மகள் ரெஜினாவுக்கு மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். பையன் பிலோமின்ராஜ், பாங்க் உத்தியோகம். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள். குவார்ட்டர்ஸ் சின்னது என்பதால் பாலக்கரை வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்றான். எனக்கும் சந்தோஷம்தான். ஜன்னலுக்குப் புதுத் திரை தைக்கலாமா என்றுகூடக் கேட்டேன்.

அவன் பார்வை அடுப்பங்கரைப் பக்கம் போனது. "அந்த ஊசி, மருந்து, மணல் பானை எல்லாத்தையும் எடுத்து ஒளிச்சு வை. பூனையையும் எங்கயாவது அனுப்பு."

"எதுக்கு?"

"இந்த வீட்டுல யாருக்கோ சர்க்கரைன்னு நினைப்பாங்க. அவங்க முதல்லயே கேட்டாங்க, குடும்பத்துல அந்த வியாதி உண்டான்னு. இல்லைன்னு சொல்லியிருக்கேன்."

"அம்மா?"

"மாரடைப்புன்னு சொல்லியிருக்கேன்."

பேசினால் என்ன வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. அம்மாவின் கால்விரல் இரண்டை எடுத்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் தனியாக நின்றவள் நான். அதை இவன் ஒரு வார்த்தையில் இல்லாமல் ஆக்கிவிட்டான். "பொருளை எடுத்து வைக்கிறேன். துரை இங்கதான் இருப்பான்" என்று மட்டும் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் பள்ளியிலிருந்து வந்தபோது துரை இல்லை. தட்டில் காலையில் வைத்த மீன் முள் காய்ந்து கிடந்தது. பக்கத்து வீட்டு சாரா பீவி சுவருக்கு மேலே தலையை நீட்டினார்.

"ரோசரி, மத்தியானம் உங்கண்ணன் வந்து சாவி போட்டுத் திறந்தாரு. போகும்போது கையில சாக்கு இருந்துச்சு. சாக்கு அசைஞ்சுச்சு. கேட்டேன், பதிலே சொல்லலை."

அடுத்த பஸ்ஸில் திருவெறும்பூர் போனேன். அண்ணன் அப்போதுதான் ஷிப்ட் முடிந்து வந்து காபி குடித்துக்கொண்டிருந்தான்.

"எங்க விட்டே?"

"ஸ்ரீரங்கத்துல. அம்மா மண்டபம் பக்கத்துல. கோயில் ஊரு, தினம் பிரசாதம் கிடைக்கும். பட்டினி கிடக்காது."

"அவனுக்குச் சர்க்கரைப் பொங்கல் ஊட்டச் சொல்லிட்டு வந்தியா அண்ணே?"

அண்ணி பாக்கியமேரி, "ஒரு பூனைக்காக இப்படியா. ரெஜினா வாழ்க்கை இது" என்றாள். ரெஜினா கதவோரம் நின்றிருந்தாள். இருபத்துமூன்று வயது, பி.எஸ்ஸி. படித்தவள். "அப்பா, எனக்காகன்னு சொல்லிட்டு இதைச் செய்யாதீங்க" என்றாள். "நீ உள்ள போ" என்றான் அவன்.

மறுநாள் விடிந்ததும், கொதிக்க வைத்த ஊசியையும் மருந்தையும் கொஞ்சம் வேகவைத்த மீனையும் டிபன் டப்பாவில் போட்டுக்கொண்டு ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் ஸ்ரீரங்கம் போனேன். முந்தின நாள் சாயங்கால ஊசி தவறிவிட்டது. இன்னும் ஒரு நாள் போனால் அவன் எழுந்திருக்க மாட்டான்.

அம்மா மண்டபப் படித்துறையில் கூட்டம். திதி கொடுக்கிறவர்கள், குளிக்கிறவர்கள், ஈர வேட்டியோடு ஓடும் புரோகிதர்கள். நான் ஒவ்வொரு மூலையாகக் குனிந்து "துரை, துரை" என்று கூப்பிட்டுக்கொண்டு போனேன். வாசலில் வாழையிலை விற்ற ஓர் அம்மா என்னைக் கூப்பிட்டு யாரைத் தேடுகிறேன் என்று கேட்டார். அவர் பெயர் மயிலம்மாள் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

"பூனைங்க. சாம்பல் நிறம், வரி வரியா இருக்கும். நேத்து கொண்டாந்து விட்டுட்டாங்க. நோயாளி."

அவர் சிரிப்பார் என்று காத்திருந்தேன். அவர் இலைக்கட்டை அவிழ்த்தபடியே, "என்ன நோயி?" என்றார்.

"சர்க்கரை. ஊசி இல்லைன்னா தாகத்துல தவிச்சுப் போயிடும்."

"தாகம்னா ஆத்துப் பக்கம் போகாதே, இத்தனை நாயி கிடக்கு. சத்திரத்துக்குப் பின்னாடி தொட்டி ஒழுகுது பாருங்க. அங்கதான் பூனைங்க தண்ணி குடிக்கும்." கடையைப் பக்கத்துப் பூக்காரியிடம் ஒப்படைத்துவிட்டு என்னோடு நடந்தார்.

அவன் அங்கேதான் இருந்தான். தொட்டிக்கு அடியில், வழியும் தண்ணீரில் முகவாயை வைத்தபடி கிடந்தான். காதில் நாய் கடித்த காயம். வாயில் பழம் அழுகின வாசனை. என்னைப் பார்த்ததும் சத்தமில்லாமல் வாயை மட்டும் திறந்தான்.

வாயில் விரலால் மீன் சாற்றைத் தடவினேன், நக்கினான். இன்னும் கொஞ்சம் தின்றான். பிறகு ஊசியை எடுத்தேன். குளித்து வந்தவர்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். "பூனைக்கு இஞ்செக்சனாம்" என்று ஒருவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். மயிலம்மாள் எழுந்து, "வெளிச்சத்தை மறைக்காதீங்க, தள்ளி நில்லுங்க" என்று அதட்டினார். தள்ளி நின்றார்கள்.

திரும்புகிற பஸ்ஸில் கண்டக்டர் ஏற்ற மாட்டேன் என்றார். கோழி ஏற்றலாம், ஆட்டுக்குட்டி ஏற்றலாம், பூனை கூடாதாம், அபசகுனமாம். நான் இறங்கி, துரையை முந்தானையில் சுற்றிக்கொண்டு காவிரிப் பாலத்தில் நடந்தேன். ஆற்றில் தண்ணீர் நிறைய ஓடியது. நடக்க நடக்க எனக்குள் பயம் போய்க் கோபம் மட்டும் நின்றது. பூனையைத் தூக்கிப்போட்ட கோபம் பாதிதான். அம்மா பட்ட பாட்டை வெட்கப்பட வேண்டிய விஷயமாக்கினானே, அதுதான் பெரிது. குடும்பத்தில் திருடன் இருப்பதை மறைப்பதுபோல அந்த நோயை மறைக்கிறான். சத்திரம் பஸ் ஸ்டாண்டு வந்தபோது நான் ஒன்றைத் தீர்மானித்திருந்தேன்: எதையும் ஒளித்து வைக்கப் போவதில்லை.

ஞாயிறு நான்கு மணிக்கு அவர்கள் வந்தார்கள். பேச்சும் பலகாரமும் நீண்டு ஆறு மணியாகிவிட்டது. நான் அடுப்படிக்குப் போய், துரைக்கு மீன் வைத்துவிட்டு, வழக்கம்போல ஊசியைக் கொதிக்க வைத்தேன். மாப்பிள்ளையின் அம்மா கொல்லையைப் பார்க்கிறேன் என்று எழுந்து வந்தவர், அடுப்பைப் பார்த்து நின்றுவிட்டார்.

"இது யாருக்குங்க?"

பின்னாலேயே வந்த அண்ணி, "அவங்க ஸ்கூல் லேப் சாமான்" என்றாள்.

"இல்லைங்க," என்றேன். "இது இன்சுலின் ஊசி. இப்ப எங்க பூனைக்கு. இதுக்கு முன்னாடி ஒன்பது வருஷம் எங்கம்மாவுக்கு. எங்கம்மா சர்க்கரையிலதான் செத்தாங்க. மாரடைப்பு இல்லை."

கூடத்தில் பேச்சு நின்றது. அண்ணன் அடுப்படி வாசலில் வந்து நின்றான். அவன் முகம் வெளுத்திருந்தது. எனக்கு அப்போது அவன்மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

ரெஜினா பட்டுப்புடவையைச் செருகிக்கொண்டு வந்து தரையில் உட்கார்ந்தாள். துரையை மடியில் எடுத்தாள். "நான் பிடிச்சுக்கறேன் அத்தை, நீங்க போடுங்க" என்றாள். கதவருகே பிலோமின்ராஜும் வந்து நின்று பார்த்தான். இரண்டு யூனிட் போட்டேன்.

மாப்பிள்ளையின் அப்பா அண்ணனிடம், "முதல்லயே சொல்லியிருக்கலாமே" என்றார். பத்து நாளில், இப்போதைக்கு வேண்டாம் என்று கடிதம் வந்தது. நோய்க்காகவா, பொய்க்காகவா என்று அதில் எழுதவில்லை.

அண்ணன் என்னோடு பேசுவதை நிறுத்தினான். மாதா கோயிலில் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வான். சொந்தக்காரர்கள் அத்தனை பேரும், ஒரு பூனைக்காக அண்ணன் மகள் கல்யாணத்தைக் கெடுத்தவள் என்று என்னைச் சொன்னார்கள். பொய் சொன்னவனை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ரெஜினா மட்டும் சனிக்கிழமைகளில் வந்தாள். அடுத்து ஒரு வரன் வந்தபோது பாட்டியின் நோயை முதலில் சொன்னால்தான் புடவை கட்டுவேன் என்று வீட்டில் சொல்லிவிட்டாள். சொன்னார்கள். அந்த வீட்டுக்காரர்கள், "எங்க வீட்டுலயும் ரெண்டு பேருக்கு இருக்கு" என்றார்களாம். 1984 செப்டம்பரில் கல்யாணம் நடந்தது. எனக்குப் பத்திரிகை தபாலில் வந்தது. போனேன், ஏழாவது வரிசையில் உட்கார்ந்தேன், மணமகள் மேடையிலிருந்து இறங்கி வந்து என்னைக் கூட்டிப்போய்ப் படம் எடுத்துக்கொண்டாள்.

துரை 1985 ஜனவரி வரை இருந்தான். பொங்கலுக்கு மூன்று நாள் முன்பு சிறுநீரகம் கெட்டு, இரண்டே நாளில் போனான். ஜீயபுரத்திலிருந்து நல்லுசாமி வந்து பார்த்து, "இதுக்கு மேல நம்ம கையில இல்லைம்மா. ஒன்றரை வருஷம் நல்லா வச்சிருந்தீங்க" என்றார். கொய்யா மரத்தடியில் புதைத்தேன்.

ஒரு வாரம் கழித்து அண்ணன் அண்ணியிடம் சொல்லி அனுப்பினான், இனிமேல் வேறு பூனை வளர்க்க வேண்டாம் என்று. பதில் என்ன என்று கேட்டு அண்ணி வாசலிலேயே நின்றாள். காபி கொடுத்தேன். குடித்துவிட்டு இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள். நான் துரையின் தட்டைக் கழுவி, அடுத்த பூனைக்கு ஆகும் என்று அவள் கண்முன்னாலேயே கவிழ்த்து வைத்தேன்.