கரும்புப் புகையின் வேகம்

செழியன் சார் இரண்டு போடச் சொன்னார். நான் போடவில்லை.

புகையின் வேகத்தைத்தான் சொல்கிறேன். அவர் சென்னை ஸ்டுடியோவில் சூப்பர்வைசர். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், உரக்கடை மாடியில் இருக்கும் எங்கள் கிளை ஆபீசில், சினிமாவுக்குக் கம்ப்யூட்டரில் புகையும் நெருப்பும் செய்கிறவள் நான். மூன்று மாதச் சோதனைக் காலம் முடிந்தால்தான் வேலை நிரந்தரம். இன்னும் நாலு நாள் பாக்கி.

ஷாட் இதுதான்: மலை மேலிருந்து பார்க்கிறோம், கீழே நாற்பது ஏக்கர் கரும்பு எரிகிறது. வேகம் என்ற கட்டத்தில் ஒன்று என்று இருந்தது. "புகை செத்துக் கெடக்கு, ரெண்டாக்கு" என்றார். ஆக்கிப் பார்த்தேன். தூரத்துப் புகை வேகமாக ஓடினால் சின்னதாகத் தெரியும்; நாற்பது ஏக்கர் கரும்பு கொசுவத்திச் சுருள் அளவுக்குச் சுருங்கிவிட்டது.

எனக்குக் கரும்புத் தீ தெரியும். ஒன்பதாவது படிக்கும்போது மணலூர்பேட்டையில் எங்கள் கரும்புக் கொல்லை மூன்று ஏக்கரும் எரிந்தது. ஆற்றுக்கு இந்தக் கரையில் நின்று பார்த்தேன். புகை அவசரமே படவில்லை. அவ்வளவு பெரிசு, நிதானமாகத்தான் மேலே போனது. அக்கரையில் என் அப்பா தைரியநாதன் மண்வெட்டியோடு ஓடிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற அவருக்குத்தான் அந்தப் புகை பாய்ந்து வந்தது. தூரத்திலிருந்து நான் பார்த்தது அந்த நிதானத்தைத்தான். அதைப் போய், ஒருத்தர் சொன்னார் என்று கொசுவத்தி ஆக்குவேனா?

ஒன்றையும் பாதியாகக் குறைத்து அனுப்பினேன். உடனே செழியன் சாரிடமிருந்து போன்.

"ஜாஸ்தி பண்ணச் சொன்னா கம்மி பண்ணியிருக்க. யாரைக் கேட்டும்மா?"

"எங்க கொல்லையைக் கேட்டு சார்."

பக்கத்து சீட் அருள்மொழி தலையில் கை வைத்துக்கொண்டாள். "இன்னா மெர்லின், நாலு நாளு வாயை மூடிக்கினு இருக்க மாட்டியா? அவரு சொன்ன நம்பரைப் போட்டுட்டுப் போயேன்."

"நீ போடு. என் கை போடாது."

மூன்று மணிக்கு டைரக்டரோடு வீடியோ மீட்டிங். கிளை ஆபீஸ்காரர்கள் மைக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்து கேட்கலாம், பேசக் கூடாது. அதுதான் வழக்கம். செழியன் சார் தானே இரண்டு போட்டு ஓட்டிக் காட்டினார். டைரக்டர் முகம் சுளித்தார்.

"என்னங்க இது, ஏதோ பொம்மை எரியுற மாதிரி இருக்கு?"

"கள்ளக்குறிச்சி டீம் பண்ணது சார். கிராமத்துப் பசங்க, சொன்னாப் புரிய மாட்டேங்குது."

ரத்தம் தலைக்கு ஏறியது எனக்கு. மைக்கைத் திறந்தேன். அருள்மொழி என் கையைப் பிடித்தாள், உதறினேன்.

"சார், என் பேரு மெர்லின். கள்ளக்குறிச்சியிலேர்ந்து பேசுறேன். இந்த ஷாட் என்னோடது, இந்த வேகம் என்னோடது இல்ல. நான் வெச்சதைப் பாருங்க."

என் திரையை எல்லாருக்கும் தெரியும்படி போட்டேன். புகை மெல்ல எழுந்தது. டைரக்டர் இன்னொரு முறை ஓட்டச் சொன்னார், பிறகு இன்னொரு முறை. "இதுவே இருக்கட்டும்" என்றார்.

மீட்டிங் முடிந்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, செழியன் சாரிடமிருந்து செய்தி வந்தது: நாளையிலிருந்து வர வேண்டாம். அதைப் படித்துவிட்டு அருள்மொழி அழுதாள். பொய் சொல்லவில்லை, எனக்கும் வீட்டில் போய் என்ன சொல்வேன் என்று பயமாகத்தான் இருந்தது. இருந்தாலும் பதில் அடித்தேன்.

"சரி சார். அடுத்த ஷாட்ல எரியறது வூடு. பக்கத்துல நின்னு பாக்குறோம். புகை ஜன்னலைப் பிச்சிக்கினு வரும். அதுக்கு ரெண்டு போடுங்க."