காந்தம் போடாத சுற்று

காந்தப்புலம் வலியைக் குறைக்குமா என்பதுதான் எங்கள் ஆய்வுக்கூடத்தின் சோதனை. சோதனைக்கு ஆளாக வந்திருந்த அம்மாவின் தலையருகே காந்தச் சுருள். கைக்கடியில் சூடேறும் தகடு. வலித்ததும் "போதும்" என்று சொல்ல வேண்டும். எல்லோரும் கத்திவிடும் சூட்டிலும் அம்மா வாயே திறக்கவில்லை. காந்தம் அவள் உணர்ச்சியையே தின்றுவிட்டதா? பாய்ந்து கையை இழுத்தேன். உள்ளங்கை சிவந்திருந்தது.

"வலிக்கலையாம்மா?"

"உசிரே போச்சுடி."

"அப்புறம் ஏன் சொல்லல? வாயை வாடகைக்கா விட்டிருக்க?"

"நீ வேலை பாக்குற எடம். நான் கத்தினா, படிச்சவங்க உன்னை என்ன நெனைப்பாங்க?"

கருவியருகே இருந்த, சோதனையை நடத்தும் மேடம் முகம் வெளிறி, "காந்தத்த இன்னும் போடவேயில்லம்மா" என்றார்.

போன வாரம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த அம்மா, "ஒண்ணுமில்ல, வாயுதான்" என்றாளே. அவளை எழுப்பி, நேரே இதய மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு ஓடினேன்.