சாயங்காலத்தில் பிடித்தம்

ஓய்வூதியத்தைப் பணமாகத் தராமல் பொழுதாகத் தருவது என்று அரசாங்கம் முடிவு செய்த வருடத்தில்தான் நீரேற்று நிலையத்து மோட்டார்காரர் வேலையிலிருந்து ஓய்வுபெற்றார். கஜானாவில் பணம் குறைந்துபோயிருந்தது. ஊழியர்களிடமிருந்து காலங்காலமாக வாங்கிவைத்த பொழுதுகளோ கிடங்கு கிடங்காகத் தூசி படிந்து கிடந்தன. இருப்பதைக் கொடுப்போமே என்று ஒரு குழு யோசனை சொல்ல, மேலிடம் தலையாட்டிவிட்டது. வயிற்றுப்பாட்டுக்கு ஒரு சிறு தொகை தனியாக வந்தது. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கொஞ்ச நாள் கூச்சலும் ஊர்வலமும் இருந்தன. முதல் தேதி பிறந்ததும் எல்லாம் அடங்கிவிட்டது. ஒவ்வொருவர் வீட்டுக்கும், அவர் வேலையில் இருந்த நேரத்தில் அந்த வீட்டில் அவர் இல்லாமல் நடந்த ஏதோ ஒரு பொழுது, மாதம் ஒன்றாகத் திரும்பி வந்தது. பெரியாஸ்பத்திரி நர்ஸுக்கு அவள் மகன் முதன்முதலாக நடந்த காலை வந்தது. தபால்காரருக்கு வந்த மத்தியானத்தில் வீட்டில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள்; அதையும் அவர் கண்கொட்டாமல் பார்த்துவிட்டு வந்து தெரு முழுக்கச் சொன்னார்.

மோட்டார்காரருக்குச் சாயங்காலங்கள் வந்தன. பணிக்காலம் முழுக்க அவர் மாலை ஷிப்ட்டிலேயே ஓட்டியவர். மற்றவர்கள் அதை வேண்டாம் என்று தள்ளியதால் கொஞ்சம் கூடுதல் சம்பளம் உண்டு; அந்தக் கூடுதலில்தான் மகள் படித்தாள். எல்லாம் ரிட்டயர் ஆன பிறகு என்று அவரும் மனைவியும் பேசி வைத்திருந்தார்கள். பெரிய ஆசை ஒன்றுமில்லை. சாயங்காலம் இரண்டு நாற்காலியை எதிரெதிரே போட்டுக்கொண்டு வெட்டியாக உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அவர் ஓய்வுபெறுவதற்கு முந்தைய வருடம் அவள் முதுகுவலி என்று படுத்தாள். அது முதுகுவலி இல்லை என்று தெரியவந்தபோது காலம் கடந்துவிட்டது. ஓய்வுபெற்ற அன்று சகாக்கள் போட்ட மாலையைக் கழற்றி எங்கே வைப்பது என்று கேட்பதற்குக்கூட வீட்டில் ஆள் இல்லை.

ஆகவே முதல் சாயங்காலம் வந்தபோது அவர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். மனைவி உள்ளே இருந்தாள். தலையில் ஒரு நரை இல்லை. தரையில் உட்கார்ந்து மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். மகளுக்கு ஆறு வயது இருக்கும். இருவருக்கும் அவர் தெரியவில்லை. அந்தச் சாயங்காலத்தில் அவர் அங்கே இல்லாதவர், ஆகவே அதில் பிழை சொல்ல முடியாது. கூப்பிட்டுப் பார்த்தார், தோளைத் தொட்டுப் பார்த்தார், பிறகு ஓர் ஓரமாக உட்கார்ந்து பார்க்கப் பழகிக்கொண்டார். வெகுநேரம் கழித்துத்தான் வீட்டில் சத்தமே இல்லை என்பது உறைத்தது. பாத்திரம் விழுந்தது, சத்தம் இல்லை. மகள் வாயைப் பிளந்து அழுதாள், சத்தம் இல்லை. ஓய்வூதியமும் வருமானமே என்று வரி இலாகா தீர்மானித்து, வழங்கும் இடத்திலேயே பிடித்தம் செய்துகொண்டு மிச்சத்தைத்தான் அனுப்பியிருந்தது. நர்ஸுக்கு வாசனையைப் பிடித்திருந்தார்கள், தபால்காரருக்கு நிறத்தை. இவருக்குச் சத்தம்.

மறுநாளே அவர் வரி அலுவலகத்துக்குப் போனார். ஓய்வூதியர்களின் குறைகளை மூன்றாம் மேஜையில் ஓர் அம்மாள் கேட்பாள். பெயர்ப்பலகை உடைந்துபோயிருந்ததால் எல்லோரும் அவளை மூணாம் மேஜை என்றே சொன்னார்கள். சிடுசிடுப்பானவள் என்று பெயர். ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் யாரையும் அனுப்பியதில்லை.

"வேலை செஞ்சப்பவே சம்பளத்துக்கு வரி கட்டிட்டேனேம்மா. மறுபடியும் எதுக்கு?"

"அது அப்ப குடுத்ததுக்கு. இது இப்ப குடுக்கறதுக்கு. ரெண்டும் குடுக்கறது ஒரே முதலாளி, அதனால ரெண்டும் ஒரே தலைப்புல வரும்."

"இது என் பொண்டாட்டிம்மா. இதைப் போய் வருமானம்னா எப்படி?"

"மாசாமாசம் வீட்டுக்கு வர்றாங்களா?"

"வர்றா."

"நீங்க வேலை பார்த்ததுக்காக வர்றாங்களா?"

அவர் கொஞ்சம் யோசித்து ஆமாம் என்றார். "அப்ப வருமானம்தான்" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்தவரைக் கூப்பிட்டாள்.

வெளியே வந்தபோது மோட்டார்காரருக்கு உள்ளூரச் சிரிப்புதான் வந்தது. சத்தத்தை எடுத்துக்கொண்டு தன்னை என்ன செய்துவிடலாம் என்று நினைத்தார்கள் என்று தெரியவில்லை. மோட்டார் கொட்டகையில் ஒருவன் காதில் ஒருவன் கத்தினாலும் கேட்காது. அங்கே வேலை பார்க்கிறவர்கள் எல்லோரும் உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வார்கள். வம்பு, கடன், குடும்பச் சண்டை எல்லாம் உதட்டிலேயே நடக்கும். ஆகவே மனைவி பேசியது அத்தனையும் அவருக்குப் புரிந்தது. வருடங்கள் அப்படிப் போயின. ஒரு மாதம் மகளுக்குப் பதினான்கு வயது, அடுத்த மாதம் தவழ்கிற குழந்தை. கிடங்கில் கைக்கு அகப்பட்டதை எடுத்து அனுப்பினார்கள் போலிருக்கிறது. தான் இல்லாதபோது மனைவி நிறையச் சிரிக்கிறாள் என்று கண்டுபிடித்தார். அது சுருக்கென்று தைத்தது. நீங்க வர்ற வரைக்கும் பட்டினியா உக்காந்திருக்கேன் என்று காலமெல்லாம் சொன்னவள், ஏழு மணிக்கே திருப்தியாகச் சாப்பிட்டுவிட்டு, அவர் வந்ததும் இரண்டாம் தடவை தட்டைப் போட்டுக்கொண்டிருக்கிறாள் என்பதும் தெரிந்தது. அன்றைக்கு அவர் தனியாக உட்கார்ந்து வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்ததும் அவளிடம் இதைச் சொல்லிக் காட்ட முடியாதே என்று துக்கமாகிவிட்டது.

ஒன்றே ஒன்று மட்டும் பிடிபடவில்லை. எட்டு மணிக்கு ஊருக்குத் தண்ணீர் திறந்துவிடும்போது நிலையத்தில் சங்கு ஊத வேண்டும். அதை ஊதியவர் அவர்தான். அந்த நேரம் வந்ததும் மனைவி கையில் இருப்பதைப் போட்டுவிட்டு நிலையத்தைப் பார்த்த ஜன்னலுக்குப் போய், கம்பியில் நெற்றியை அழுத்திக்கொண்டு ஏதோ சொல்வாள். எந்தச் சாயங்காலம் வந்தாலும் இது தவறவில்லை. முதுகு இந்தப் பக்கம், முகத்தின் இருபுறமும் கம்பியைப் பிடித்த கைகள்; பக்கவாட்டில் பார்த்தாலும் உதடு தெரியாது. தெருவுக்கு ஓடிப்போய் வெளியிலிருந்து பார்த்தார்; வெளியே இன்றைய தெரு இருந்தது, ஜன்னலில் இன்றைய இருட்டு. கம்பிக்கும் அவள் முகத்துக்கும் நடுவே தலையை நுழைக்க இடமில்லை. பொழுது விடிந்து பொழுது போனால் அவருக்கு இதே நினைப்பாகிவிட்டது. மகளுக்குப் போன் போட்டுக் கேட்டார்.

"ஜன்னல்கிட்ட போவாங்கப்பா, ஞாபகம் இருக்கு. என்ன சொல்வாங்கன்னு தெரியல. தினமும் நடக்கறதை யாரு கவனிச்சா?"

அவள் சொன்னதில் தப்பில்லை, அவர்கூட எதைக் கவனித்தார். ஆனால் அதன் பிறகு அவர் எட்டு மணி வரை வேறு எதையும் ஒழுங்காகப் பார்ப்பதில்லை. எட்டு மணிக்கு அவள் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார். அவள் தோள் ஏறி இறங்குவதைப் பார்ப்பார். இத்தனை வயதுக்கு மேல் சொந்தப் பெண்டாட்டியின் முதுகைப் பார்த்து ஏங்கிக்கொண்டிருக்கிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

சத்தத்தைத் திருப்பி வாங்க வழி உண்டா என்று கேட்க அவர் மறுபடி போனபோது மூணாம் மேஜைக்குத் தலை நரைத்திருந்தது. வழி ஒன்று உண்டு என்றாள். ஓய்வூதியத்தை மாதாமாதம் வாங்கினால் வரி. பாக்கியை மொத்தமாக ஒரே தடவையில் வாங்கிக்கொண்டால் வரி கிடையாது, சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. சத்தம், வாசனை, நிறம் எதிலும் கை வைக்க மாட்டார்கள். ஆனால் அதற்குப் பிறகு ஒன்றும் வராது. "ஆற அமர யோசிச்சு வாங்க. மொத்தமா வாங்கினவங்க நிறையப் பேர் திரும்பி வந்து என் முன்னாடி அழுதிருக்காங்க" என்றாள்.

மகளுக்கு இது பிடிக்கவில்லை. அடுத்த ரயிலிலேயே கிளம்பி வந்தாள்.

"மாசத்துல ஒரு நாள் அம்மாவைப் பார்க்கறதாலதான் மிச்ச நாளெல்லாம் நீங்க ஓட்டறீங்க. ஒரே நாள்ல வாங்கித் தீர்த்துட்டு அப்புறம் என்ன பண்ணுவீங்கப்பா?"

"தெரியலம்மா. ஆனா அவ என்கிட்டதான் பேசறா. இத்தனை வருஷமாப் பேசறா. நான் ஒரு வார்த்தை கேக்கல."

மொத்தமாக வாங்கிக்கொள்வதாக எழுதிக் கொடுக்க மகளே கூடப் போனாள். குறித்த நாளன்று அப்பாவை வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டு, எதிர்ப்பக்கத்து நடைபாதையில் தூறலுக்குக் குடையை விரித்துக்கொண்டு நின்றாள்.

பாக்கியிருந்த சாயங்காலங்கள் அத்தனையும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து இறங்கின. சின்ன வீடு திணறிப்போயிற்று. அடுப்படியில், கூடத்தில், கட்டிலில், கதவிடுக்கில் எங்கு பார்த்தாலும் மனைவி. புதுமணப்பெண்ணாக, கர்ப்பிணியாக, மூக்குக்கண்ணாடி போட்டவளாக. மகள்கள் காலுக்குள் ஓடினார்கள். எல்லா அடுப்புகளும் எரிந்தன, எல்லாப் பாத்திரங்களும் விழுந்தன, எல்லாச் சிரிப்பும் சண்டையும் ஒரே நேரத்தில் கேட்டன. ஓடுகள் அதிர்ந்தன, எதிர்வீட்டுக்காரர்கள் வெளியே வந்து பார்த்தார்கள். எட்டு மணிக்கு எல்லாச் சங்குகளும் சேர்ந்து ஊதின. அத்தனை மனைவிகளும் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு, முட்டி மோதிக்கொண்டு அந்த ஒற்றை ஜன்னலுக்குப் போய் ஒன்றாகப் பேசினார்கள்.

வேறு யாராக இருந்தாலும் காதைப் பொத்திக்கொண்டு ஓடியிருப்பார்கள். மோட்டார்காரர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். வரிசையாக ஓடும் மோட்டார்களின் இரைச்சலில் எந்த மோட்டாரில் எந்த பேரிங் தேய்கிறது என்று தனியாகப் பிரித்துக் கேட்பதுதான் அவர் காலமெல்லாம் பார்த்த வேலை. முதலில் ஒரு குரலைப் பிடித்தார். பிறகு இன்னொன்று.

"பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டிருச்சு. நீங்க பயப்படாம வேலையைப் பாருங்க."

"வாடகை கேட்டு வீட்டுக்காரர் வந்து கத்திட்டுப் போனார். சமாளிச்சுட்டேன்."

"இன்னிக்கு ஒண்ணும் விசேஷம் இல்ல."

"உங்க மேல கோவமா இருக்கேன். வந்து கேட்டா இல்லன்னுதான் சொல்லுவேன்."

அன்றாடம் நடந்ததை அன்றன்றைக்கு அவரிடம் ஒப்பித்திருக்கிறாள். சங்கு அவர் கூப்பிடுவதாகவும், தான் பதில் சொல்வதாகவும் வைத்துக்கொண்டிருக்கிறாள். அவரோ சங்கை அமுக்கிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். கடைசியாக அவர் பிரித்தெடுத்த குரல் வயதானது. "முதுகு ரொம்ப வலிக்குதுங்க. நீங்க வந்தா சொல்ல மாட்டேன், லீவு போட்டுருவீங்க. அதான் இப்பவே சொல்லிட்டேன்" என்றது. மோட்டார்காரர் தரையில் உட்கார்ந்து, வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சேர்த்து அழுதார். அவர் நிமிர்ந்தபோது வீடு காலியாக இருந்தது.

அதன் பிறகு முதல் தேதிகள் மற்றத் தேதிகளைப் போலவே வந்து போயின. நீரேற்று நிலையத்தில் இப்போது வேறு ஆள். ஆனாலும் எட்டு மணிச் சங்கு உண்டு. சங்கு கேட்டதும் மோட்டார்காரர் ஜன்னலுக்குப் போய்க் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு அன்றைய சமாசாரத்தைச் சொல்ல ஆரம்பித்தார். மகளுக்குப் பதவி உயர்வு. பேரன் தடுக்கி விழுந்து பல் உடைந்தது. முழங்கால் மடக்க வரவில்லை. தெருவில் போகிறவர்கள் முதலில் ஒருமாதிரியாகப் பார்த்தார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். பல மாதம் கழித்து ஒருநாள், குழாயில் தண்ணீர் வரவில்லை என்று அவர் அலுத்துக்கொண்டபோது, நிலையத்தின் பக்கமிருந்து, சங்கின் சத்தம் தேய்ந்து முடிகிற இடத்தில், "ம்" என்று கேட்டது. மறுநாளும் கேட்டது. அவள் ம் கொட்டுவதை அவருக்கு யாரும் அடையாளம் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு வாரம் அவருக்குத் தூக்கம் இல்லை. சொல்லாமல் விட்டு, பிறகு இலாகாவுக்குத் தெரிந்து, அதிலும் பிடித்தம் செய்துவிட்டால் என்ன மிஞ்சும் என்ற பயம். கடைசியில் சட்டையை மாட்டிக்கொண்டு தாமாகவே போய் மூணாம் மேஜை முன்னால் உட்கார்ந்தார். அவளுக்கும் ஓய்வுபெற அதிக நாள் இல்லை. அவர் தயங்கித் தயங்கிச் சொன்னதை அவள் கடைசிவரை குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"நீங்க சொல்றதுக்கு வரி இல்லங்க, குடுக்கறது வருமானத்துல வராது" என்றாள். "பதிலா என்ன வருது?"

"ம்னு வருதும்மா."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். தினமும் ஒரு தடவை."

அவள் கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தாள். விரல்விட்டு ஏதோ கணக்குப் போட்டாள்.

"வருஷம் பூரா சேர்த்தாலும் வரம்புக்குள்ளதான் வருது. அந்த அளவுக்கு வரி கிடையாது. முழுசா நீங்களே வெச்சுக்கலாம்."

மோட்டார்காரர் எழுந்து கும்பிட்டுவிட்டு, பஸ்ஸைப் பிடித்து, எட்டு மணிக்குள் வீடு வந்து சேர்ந்தார்.