சாப்பிடாதவருக்கு வந்த வயிற்றுப்போக்கு

அழகியமணவாளனுக்கு வயிற்றுப்போக்கு வந்ததில் யாருக்கும் பெரிய வருத்தமில்லை. ஸ்ரீரங்கத்தில் அவர் குடியிருக்கும் வீதியே அதைப் பற்றித்தான் சந்தோஷமாகப் பேசிக்கொண்டிருந்தது.

காரணம் இருந்தது. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாரான அவர் வெளியில் சாப்பிட மாட்டார். மனைவி கமலவல்லி சமைத்ததைத் தவிர எதுவும் அவர் நாக்கில் படாது. ஆனால் கல்யாணங்களுக்குத் தவறாமல் போவார். பந்தி நடக்கும்போது ஓரமாக நின்று, இலைமுன் உட்கார்ந்திருப்பவர்களை ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்து இரண்டாவது ஜாங்கிரியை வேண்டாமென்று சொன்னவர்கள் பலர்.

இப்போது பக்கத்து வீட்டு ஸ்ரீவத்ஸ் கல்யாணத்துக்குப் போய்வந்தவர்களில் பாதிப் பேர் படுத்துவிட்டார்கள். கூடவே இவரும் படுத்துவிட்டார். அப்படியென்றால், பந்தி முடிந்ததும் மனுஷர் சமையல்கட்டுப் பக்கம் ஒதுங்கியிருக்கிறார் என்றுதானே அர்த்தம்? வீதி தீர்ப்பெழுதிவிட்டது.

முழங்கால் வலியால் கல்யாணத்துக்கே போகாத கமலவல்லியும் விடவில்லை.

"ஏன்னா, எத்தனை ஜாங்கிரி?" என்று மோரை நீட்டிக்கொண்டே கேட்டாள். "சொல்லுங்கோ, நான் கோச்சுக்க மாட்டேன்."

"ஒண்ணுமே சாப்பிடலடி."

"அப்போ என் கையால சாப்பிட்டுத்தான் இப்படி ஆச்சா?"

இதற்கு என்ன பதில் சொன்னாலும் வம்பு. அவர் மோரைக் குடித்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். வீதி சிரித்ததைவிட, வீட்டிலேயே நம்பவில்லை என்பதுதான் அவருக்கு வலித்தது.

மறுநாள் ஸ்கூட்டரில் ஆஷ்லி வந்து இறங்கினாள். சுகாதாரத் துறையில் வேலை. ஒரு நோய் கூட்டமாகப் பரவினால் அது எங்கிருந்து கிளம்பியது என்று வீடுவீடாகத் துருவிக் கண்டுபிடிக்கிறவள். அவள் வருவதற்குள் ஊர் வாய்க்குப் பயந்து அந்தக் கல்யாணத்துக்குச் சமைத்த நவநீதன் தன் சமையல்கூடத்தைப் பூட்டியிருந்தார். ஒப்புக்கொண்டிருந்த ஆவணிக் கல்யாணங்கள் ஒவ்வொன்றாகக் கைநழுவிக்கொண்டிருந்தன.

"கல்யாணத்துல என்ன சாப்பிட்டீங்க சார்?"

"ஒண்ணும் சாப்பிடல."

சிரிப்பாள் என்று எதிர்பார்த்தார். அவளோ நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"நிஜமாவா? உங்கள மாதிரி ஒருத்தரத்தான் சார் தேடிட்டிருந்தேன்."

அழகியமணவாளனுக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை பேரில் இந்தப் பெண் ஒருத்திதான் அவரை நம்பினாள்.

"நான் படுத்தவங்கள மட்டும் கேக்கல சார், நல்லா இருக்கறவங்களையும் கேட்டேன். குழந்தைங்க பாயசத்துலயே குளிச்சிருக்காங்க, ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல. நீங்க எதையுமே தொடல, உங்களுக்கு வந்திருக்கு. அப்ப சாப்பாட்டுல இல்ல. பெரியவங்க மட்டும் வாயில போட்ட வேற ஏதோ ஒண்ணு. தண்ணி குடிச்சீங்களா?"

"நம்மாத்துலேர்ந்து கூஜால கொண்டுபோனேன்."

"வெத்தல?"

"போட்டுண்டேன். அது என்ன சாப்பாடா?"

"எல்லாரும் இதேதான் சார் சொல்றாங்க. முதல் இனிப்புலேர்ந்து கடைசி தயிர் வரைக்கும் ஒப்பிக்கறாங்க, வெத்தலய மட்டும் யாரும் சேர்க்கல. நானா கேட்டப்பறம்தான் தெரிஞ்சுது. படுத்தவங்க அத்தன பேரும் வெத்தல போட்டவங்க."

வெற்றிலையிலும் குற்றமில்லை என்றாள். ஜீயபுரத்திலிருந்து வந்த அதே வெற்றிலைக் கட்டிலிருந்து பாதி உறையூரில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போயிருந்தது. அங்கே எல்லோரும் சௌக்கியம். ஆகவே கழுவிய தண்ணீரில்தான் கோளாறு.

"நவநீதன் குளோரின் போட்ட குழாய்த் தண்ணியிலதான் கழுவினேன்னு சத்தியம் பண்றாரு. மண்டபத்துக்குப் பின்னாடி ஒரு பழைய கிணறு இருக்கு சார். பக்கத்து செப்டிக் டேங்க் அதுல கசியுது. யாராவது அதுல தண்ணி இறைச்சதப் பாத்தீங்களா?"

அழகியமணவாளன் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

இறைத்தது அவரேதான். கல்யாணத்தன்று தாம்பாளத்திலிருந்த வெற்றிலையை முகர்ந்து பார்த்தார்; மருந்து வாசனை அடித்தது. குழாய்த் தண்ணீர் பட்டதைப் பெரியவர்களுக்கு எப்படிக் கொடுப்பது என்று முகம் சுளித்து, தாம்பாளத்தோடு பின்கட்டுக்குப் போய், கிணற்றில் இறைத்து ஒவ்வொன்றாகக் கழுவிக் கொண்டுவந்து, தன் கையாலேயே எல்லோருக்கும் கொடுத்தார். பெருமையாக வேறு கொடுத்தார்.

திருட்டுத்தனமாகத் தின்றவன் என்ற பெயர் தேவலையா, வீதிக்கே பேதி கொடுத்தவன் என்ற பெயர் தேவலையா? அவசரமாக ஒரு முடிவுக்கு வந்தார்.

"உங்கிட்ட மறைப்பானேன். திருக்கண்ணமுது சாப்பிட்டேம்மா. ரெண்டு டம்ளர்."

உள்ளே கமலவல்லி பாத்திரத்தை நங்கென்று வைத்தாள்.

"இருக்கட்டும் சார்," என்றாள் ஆஷ்லி. "பாயசம் குழந்தைங்க உங்களவிட அதிகமா சாப்பிட்டிருக்காங்க."

பொய் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. விடை தப்பு என்பது அந்தக் கணக்கு வாத்தியாருக்கே தெரிந்தது.

"கிணத்துக்கு யாரு போனான்னு தெரியலேன்னா?"

"நவநீதன் தலையிலதான் விழும் சார்."

அவர் எழுந்து உட்கார்ந்தார்.

"நான்தாம்மா அலம்பினேன்," என்றார்.

கிணற்றை மூடினார்கள். நவநீதன் மேல் தப்பில்லை என்று ஆஷ்லி வீதி முழுக்கச் சொல்லிவிட்டும் போனாள். ஆனால் பயந்த வயிறு சொன்ன பேச்சைக் கேட்குமா? சமையல்கூடத்தைத் திறந்த அன்று நவநீதன் வீதியையே சாப்பிடக் கூப்பிட்டார். எல்லோரும் வந்தார்கள், வாசலோடு நின்றார்கள். உள்ளே போட்ட இலைகள் காய்ந்துகொண்டிருந்தன.

அழகியமணவாளன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போய் முதல் இலையில் உட்கார்ந்தார். வீதி எட்டிப் பார்த்தது. நவநீதன் ஓடிவந்து பரிமாறினார். அழகியமணவாளன் சோற்றைப் பிசைந்து வாயில் போட்டார். முதல் கவளம் இறங்கத்தான் கஷ்டப்பட்டது, ஜாங்கிரி கஷ்டப்படவில்லை.

"இன்னொண்ணு போடு," என்றார்.

கமலவல்லி பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்தாள். "எனக்கும் போடுங்கோ. இத்தனை வருஷம் எதை விட்டுண்டிருந்தார்னு பாக்கறேன்." அவளுக்குப் பின்னால் ஒவ்வொருவராக உள்ளே வரத் தொடங்கினார்கள்.

கடைசியில் நவநீதன் தாம்பாளத்தை நீட்டினார். அழகியமணவாளன் ஒரு வெற்றிலையை எடுத்து முகர்ந்தார். மருந்து வாசனை குப்பென்று அடித்தது.

"நன்னாருக்கு," என்று சொல்லிச் சுண்ணாம்பைத் தடவினார்.