அத்திக்கொம்பு

“அதுல வேணாம். அத்தியில வெட்டு” என்றாள் அம்மா.

மதிலோரத்துப் புதரில் அரிவாளை வைத்திருந்த மபீலியா திரும்பிப் பார்த்தாள். கோட்டை முற்றத்தில் இருப்பது ஒரே அத்திமரம். அதனடியில்தான் லாந்தோ கிடக்கிறான். நாலு வயதில் காய்ச்சலில் போன தம்பி.

“அத்திக்கொம்பு ஒடிஞ்சிடும்மா.”

“ஒடியட்டும். வெட்டு.”

வெட்டிய இடத்தில் பால் சொட்டியது. உள்ளங்கையெல்லாம் பிசுபிசுத்தது. கொம்பு அப்பாவை அடிப்பதற்கு. அப்பா நேற்றே செத்துப்போயிருந்தார்.

திருச்சபை விலக்கிவைத்தவன் அந்த விலக்கோடு செத்தால் கல்லறையில் இடம் கிடையாது. ஊருக்கு வெளியே நரி தோண்டும் மேட்டில்தான் போடவேண்டும். ஆனால் மன்னிப்பைச் செத்த பிறகும் வாங்கலாம். பிணத்தைக் கோயில் வாசலில் கிடத்தி, சங்கீதம் சொல்லி, வசனத்துக்கு ஓர் அடி அடிப்பார்கள். அடி வாங்கி முடித்தவன் உள்ளே போகலாம். விலக்கிவைத்தவர் பெரியப்பா. அடிக்கப்போகிறவரும் பெரியப்பாதான்.

வல்கார்சி வீட்டில் மூத்தவன் சபைக்கு, இளையவன் நிலத்துக்கு என்று தாத்தா பிரித்துவிட்டுப் போனார். மூத்தவர் ஒத்தோனே கர்தினால் ஆனார். ஆன பிறகும் மலைப்பாதையைப் பார்த்து நிற்கும் இந்தச் சின்னக் கோட்டைமேல் அவருக்கு ஒரு கண். தம்பி ரனியேரி தரமாட்டேன் என்றார். பங்காளிச் சண்டை எந்த ஊரிலும் உள்ளதுதான். ஆனால் எந்த ஊர்ப் பங்காளியின் இடுப்பில் சொர்க்கத்தின் சாவி தொங்குகிறது? அப்பாவை விலக்கிவைக்கும் சடங்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை மெழுகுத்திரிகளைத் தலைகீழாகப் பிடித்துத் தரையில் குத்தி அணைத்தார்கள். கோயில் மணியின் நாக்கைக் கழற்றினார்கள். அடுப்புக்கு நெருப்புக் கேட்டுப் போனால் ஊரார் கதவைச் சாத்தினார்கள்.

அந்த வருஷம்தான் லாந்தோ போனான். அப்பா கோட்டைச் சாவியைக் கொடுத்திருந்தால் அவனுக்கு மணி அடித்திருப்பார்கள். கொடுக்கவில்லை. அத்திமரத்தடியில் தானே குழி வெட்டினார். அம்மா அன்றைக்கு அழவில்லை. அதன்பிறகு அப்பாவின் தட்டை மேசையில் வைக்கும்போதெல்லாம் சத்தம் வரும்படி வைப்பாள்.

நேற்று மூச்சு இழுக்கும்போது அப்பா சாவியை மபீலியாவின் கையில் திணித்தார். “உங்கம்மாகிட்ட குடுத்துடாத. நேரா அவன்கிட்ட போயிடும்.” கடைசியாகப் பேசியது அதுதான்.

வண்டிக்காரன் பூச்சோ கழுதையைப் பூட்டினான். “உசுரோட இருந்தப்ப அய்யாவ அந்த வாசல்ல நிக்க விடல. இப்ப படுக்க விடறாங்க. பெரிய மனசுதான்” என்றான். 

கோயில் வாசலில், நிழல் விழுந்த இடத்தில் நாற்காலி போட்டுப் பெரியப்பா முலாம்பழம் தின்றுகொண்டிருந்தார். விரல்களைத் துணியில் துடைத்துக்கொண்டு எழுந்து அம்மாவைப் பார்த்தார்.

“வெயிலுக்கு முன்னாடியே வந்திருக்கலாமே பெர்னா. வாடை அடிக்குது பாரு.” பிறகு மபீலியாவிடம் கையை நீட்டினார். “அதைக் குடுத்துடு கண்ணு. அப்புறம் பெரியப்பா வேலைய ஆரம்பிக்கிறேன்.”

“மொதல்ல அடக்கம் பண்ணுங்க. அப்புறம் தரேன்.”

“உங்கப்பன் மாதிரியே பேசற. அவன் எங்க படுத்திருக்கான்னு பாரு.”

அப்பா வண்டிப் பலகையில் படுத்திருந்தார். வாயோரத்தில் ஈ.

அம்மா அவள் காதருகே குனிந்தாள். “லாந்தோவையும் உள்ள கொண்டுவந்துடலாம்டி. குடு.”

அந்தப் பெயரைச் சொல்லித்தான் அம்மா கேட்பாள் என்று மபீலியா எதிர்பார்த்திருக்கவில்லை. சாவி உள்ளங்கைப் பிசினில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. பெரியப்பா அதைச் சிரித்தபடியே பிடுங்கிக்கொண்டார்.

அப்பாவைப் படிக்கட்டில் குப்புறக் கிடத்தித் தோள்துணியை விலக்கினார்கள். பெரியப்பா கொம்பை வளைத்துப் பார்த்தார். “அத்தியா? உருப்படியா ஒரு கொம்புகூட வெட்டத் தெரியல.” சங்கீதத்தைத் தொடங்கினார். ஒரு வசனம், ஓர் அடி. அடி என்று சொல்வதற்கில்லை. மேசையில் தூசி தட்டுவதுபோலத் தட்டினார். தட்டும்போது அவர் கண் பழத்தட்டின் மேல் இருந்தது.

“பலமா அடிங்க” என்றாள் அம்மா.

சங்கீதம் நின்றது. பூச்சோ தலையைக் குனிந்து சிலுவை போட்டுக்கொண்டான்.

“என்ன சொன்ன?”

“பலமா அடிங்க பெரியவரே. அவருக்கு உறைக்கணும்.”

பெரியப்பா சிவப்பு அங்கியின் கையை மடித்து விட்டுக்கொண்டார். ஈரத்துணியைக் கல்லில் அடிக்கும் சத்தம் வந்தது. வசனம், சத்தம். வசனம், சத்தம். மபீலியா பார்த்துக்கொண்டே நின்றாள். முதுகில் ஒரு கோடுகூடச் சிவக்கவில்லை. செத்த உடம்பில் தடிப்பு எழாது என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. இன்னும் எத்தனை அடித்தாலும் அப்பா எதையும் ஒத்துக்கொள்ளப்போவதில்லை.

கொம்பு ஒடிந்து ஒரு துண்டு படியில் உருண்டது. அம்மா போய் எடுத்துவந்து நீட்டினாள்.

“இதுலயும் அடிக்கலாம்.”

“போதும் பெர்னா. கடவுளே இவ்வளவு கேக்கமாட்டார்.”

அப்பாவை உள்ளே கொண்டுபோனார்கள். வல்கார்சிகளின் கல்லைப் பெயர்த்து, இறக்கி, மூடினார்கள். திரும்ப மாட்டிய நாக்கோடு மணி அடித்தது. அதைக் கேட்டு ரொம்ப நாளானதால் தெருநாய்கள் குரைத்தன.

பெரியப்பா வெளியே வந்து கை கழுவும்வரை மபீலியா காத்திருந்தாள்.

“பெரியப்பா, லாந்தோ?”

“யாரு?”

“தம்பி.”

“ஓ, அந்தக் கொழந்தையா. அவனை நான் விலக்கவே இல்லையேம்மா. விலக்காதவனுக்கு என்னன்னு மன்னிப்புக் குடுக்கறது?”

“அப்ப உள்ள கொண்டுவந்துடலாமா?”

“பொதைச்சதைத் தோண்டணும்னா பாப்பரசர் உத்தரவு வேணும். அவருக்கு இருக்கற வேலையில...” துணியை எடுத்து விரல் விரலாகத் துடைத்தார். “பாக்கலாம்.”

அந்தச் சொல்லுக்கு அர்த்தம் அம்மாவுக்குத் தெரியும். கையிலிருந்த கொம்புத் துண்டைக் குனிந்து பார்த்தாள். அப்போதும் அதைக் கீழே போடவில்லை.

“நாளைக்குக் கன்னியர் மடத்துலேர்ந்து வண்டி வரும்” என்றார் பெரியப்பா. “ரெண்டு பேருக்கும் எடம் சொல்லிட்டேன். சாப்பாட்டுக்குக் கொறை இருக்காது.”

அவர்கள் மேடேறிக் கோட்டைக்கு வந்தபோது கம்பிக்கதவு பூட்டியிருந்தது. புதுக் காவலாள் உள்ளே முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தான்.

“கர்தினால் வந்தாத்தான் தெறக்கணும்னு உத்தரவுங்கம்மா.”

“இது எங்க வீடு” என்றாள் மபீலியா.

“உத்தரவுங்கம்மா” என்றான் மறுபடியும். நல்ல பையனாகத்தான் தெரிந்தான்.

கம்பிகளுக்கு அந்தப் பக்கம் அத்திமரம் நின்றது. வெட்டுப்பட்ட இடம் இங்கிருந்து தெரியவில்லை. அம்மா அங்கே பார்க்கவில்லை. மபீலியாவின் வலதுகையை எடுத்து விரித்தாள். பால் காய்ந்து, சாவியின் துரு அதில் அப்பி, உள்ளங்கை கறுத்துக் கிடந்தது. அம்மா அதில் எச்சில் துப்பி முக்காட்டு நுனியால் தேய்த்தாள். குழந்தைகளுக்கு மூக்குத் துடைக்கும்போது தேய்ப்பதுபோல, வலிக்கும்படி தேய்த்தாள். 

“வரல” என்றாள் மபீலியா.

“எண்ணெய் போட்டாத்தான் வரும்.”

“எண்ணெய் உள்ள இருக்கும்மா.”

அம்மா இன்னொரு முறை எச்சில் துப்பினாள்.