அணைத்துவிடுங்கள்

மேலாளருக்குச் சுத்தத் தமிழ்ப் பித்து. பழுதான ஹீட்டர்களைத் திரும்பப் பெறும் பிரிவில் ஆறு பெண்கள் நாள் முழுக்கப் போனும் காதுமாக உட்கார்ந்திருந்தார்கள். ஆறு பேருக்கும் அவர் எழுதிக் கொடுத்தது ஒரே வாக்கியம்: "சூடேற்றியை உடனே அணைத்துவிடுங்கள்." ஆஃப் என்று எவளாவது வாய் தவறிச் சொன்னால் மனிதர் குதி குதியென்று குதிப்பார். வீடே பற்றி எரிந்தாலும் அவருக்கு மொழி கெடக்கூடாது.

பழுது இதுதான். உள்ளே ஒரு வயர் உருகி, வெளித்தகட்டில் போய் ஒட்டிக்கொள்ளும். டிக், டிக் என்று சத்தம் வரும். அப்புறம் ஷாக்கோ தீயோ, எது முந்துகிறதோ அது. மூன்று வீடுகள் எரிந்த பிறகுதான் கம்பெனிக்குப் புத்தி வந்தது.

அன்று காலை புதிதாக வந்த பட்டியலில் ஓர் எண்ணைப் பார்த்ததும் மூன்றாவது மேசைக்காரி சட்டென்று போனை எடுத்தாள். அவள் அப்பாவின் எண். அம்மா இறந்த வாரத்தில், வீடு சில்லென்று கிடக்கிறதே என்று அவளே வாங்கிக் கொடுத்த ஹீட்டர். அதற்குப் பிறகு அப்பாவுக்கு நினைவு தடுமாற ஆரம்பித்துவிட்டது. பார்த்துக்கொள்ளும் நர்ஸ் பத்து மணிக்குத்தான் வருவாள். இப்போது ஒன்பதே கால்.

"அப்பா, நான்தான். ஹீட்டர் ஓடுதா?"

"எந்த ஹீட்டரு?"

"கட்டில் பக்கத்துல, வெள்ளையா, உயரமா நிக்குமே."

"அவளா? இங்கதான் நிக்குறா."

அந்த 'அவளா' அவள் காதில் சரியாக விழவில்லை. பதற்றத்தில் நாக்கு பழகிய தடத்திலேயே ஓடியது. "உடனே அணைச்சிடுங்கப்பா!"

போனைக் கட்டிலில் போடும் சத்தம் கேட்டது. அவள் பெருமூச்சு விட்டு, பட்டியலில் அந்த எண்ணைக் கோடு போட்டு அடித்தாள்.

"அணைச்சுக்கிட்டேம்மா." அப்பாவின் குரல் தள்ளியிருந்து வந்தது. "அன்னிக்கு எப்படிக் குளிர்ந்து கிடந்தா! இப்ப பாரு, உடம்பெல்லாம் சூடு."

டிக், டிக்.

அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "அப்பா, அது அம்மா இல்ல! ஆஃப் பண்ணுங்க! சுவிட்சை ஆஃப் பண்ணுங்க!"

மேலாளர் தன் அறை வாசலில் வந்து நின்றார். பக்கத்து மேசைக்காரியிடம் போனை எடுக்கச் சொல்லிக் கைகாட்டினார்.

"அம்மாவுக்கு ஏதும்மா சுவிட்சு?" அப்பா சிரித்தார். எத்தனையோ மாதம் கழித்துச் சிரிக்கிறார்.

பக்கத்து மேசைக்காரி தீயணைப்பு நிலையத்துக்கு விலாசம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"விடுங்கப்பா. கையை எடுங்க. உங்க கால்ல விழுறேன், விட்டுடுங்க."

டிக் சத்தம் நின்றது. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"நான் அப்பவே விட்டுட்டேம்மா." அப்பாவுக்கு மூச்சுத் திணறியது. "அவதான் விடமாட்டேங்குறா."