பழைய திட்டமா, புதுத் திட்டமா

சிவசங்கரன் ஒரு வாஷிங் மெஷின் வாங்கப் பதினோரு மாதம் எடுத்துக்கொண்ட மனிதர். பஹ்ரைனில் இருக்கிற எல்லாக் கடைகளிலும் ஏறி இறங்கி, விலை, எடை, சத்தம், சுழற்சி என்று பதினான்கு கட்டம் போட்டு ஒப்பிட்டு, ஒருவழியாக ஒன்றைத் தேர்ந்தெடுத்தபோது அந்த மாடலே வருவது நின்றுபோயிருந்தது. அந்தப் பதினோரு மாதமும் அவர் மனைவி நீலா கையால் துவைத்தாள். அதற்கு மட்டும் அவர் கட்டம் போடவில்லை.

அப்பேர்ப்பட்டவரிடம்தான், 2009 கோடையில் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், அவருடைய அக்கா மகள் ஷ்ருதி வந்து யோசனை கேட்டாள்.

ஷ்ருதி நியூஜெர்சியில் வளர்ந்தவள். அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்து ஐந்து வருஷம் ஆகிறது. கடைசி இரண்டு வருஷமாக மனாமாவில் உள்ள தளத்தில் பண்டகசாலைப் பொறுப்பு. வெள்ளிக்கிழமையானால் குதைபியாவில் இருக்கும் மாமா வீட்டுக்குச் சாப்பிட வந்துவிடுவாள். அக்டோபரோடு அவள் போட்ட ஒப்பந்தம் முடிகிறது. அதன்பிறகு படிப்பதற்கு அமெரிக்க அரசாங்கமே உதவி செய்யும். அதில் இரண்டு திட்டம் இருந்தது. பழையதில் மாதாமாதம் ஒரு தொகை இவள் கைக்கே வரும். அந்த ஆகஸ்டில் தொடங்கப்போகும் புதியதில் கல்லூரிக் கட்டணம் நேராகக் கல்லூரிக்குப் போய்விடும். வீட்டு வாடகைக்கும் புத்தகத்துக்கும் தனியாகப் பணம் தருவார்கள்.

"ஏதாவது ஒண்ணுதான் மாமா. புதுசுக்கு மாறிட்டா அப்புறம் பழசுக்குத் திரும்ப முடியாது."

திரும்ப முடியாது என்ற வார்த்தையைக் கேட்டதும் சிவசங்கரனுக்கு உடம்பில் புது ரத்தம் பாய்ந்தது. சாப்பிட்ட கையைக் கூடக் கழுவாமல், தளத்தில் கொடுத்த காகிதமெல்லாம் தனக்கு வேண்டும் என்றார். மறுவாரம் அவள் நாற்பத்திரண்டு பக்கம் கொண்டுவந்து கொடுத்தாள். அலுமினிய ஆலையில் தரக்கட்டுப்பாடு பார்க்கும் இன்ஜினியர் அவர். ஆறு நாளில் முப்பத்தோரு கட்டம் போட்டுவிட்டார். படிக்கும் ஊரில் பனி எத்தனை மாதம் என்பதற்குக் கூட ஒரு கட்டம் இருந்தது.

காகிதத்தை நீலாவும் படித்தாள். அவள் ஒரே ஒரு வரியைத்தான் படித்தாள். புதுத் திட்டத்தில், தாம் படிக்க விரும்பாதவர்கள் அந்த உதவியைக் கணவனுக்கு எழுதி வைக்கலாம் என்று அதில் இருந்தது.

அப்புறம் கேட்க வேண்டுமா. சீர்வரிசை போல ஒரு படிப்பையே கையில் வைத்துக்கொண்டு ஒரு பெண் சும்மா இருக்கிறாளே என்று நீலாவுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. நியூஜெர்சிக்குப் போன் போட்டு ஷ்ருதியின் அம்மா பிரபாவதியிடம் சொன்னாள். பிரபாவதி திருச்சிக்குச் சொன்னாள். திருச்சி உலகத்துக்கே சொல்லிவிட்டது. ஒரே வாரத்தில் படிப்பு ஆர்வமுள்ள மாப்பிள்ளைகள் மூன்று பேர் தேறினார்கள். அதில் ஒருவருக்கு நாற்பத்து மூன்று வயது. இன்னும் படிக்க ஆசை தீரவில்லை என்று ஜாதகத்தின் பின்புறம் எழுதியிருந்தார். ஷ்ருதியிடம் நீலா பக்குவமாக விஷயத்தை எடுத்துச் சொன்னபோது அவள் மறுக்கவில்லை. வரட்டும் அத்தை, பார்க்கலாம் என்று மட்டும் சொல்லி இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றிக்கொண்டாள்.

மூவரில் விமல்தான் பக்கத்தில் இருந்தான். மஸ்கட் ரூவியில் ஏ.சி. கம்பெனியில் வேலை, முப்பது வயது. அடுத்த வெள்ளிக்கிழமையே விமானம் பிடித்து வந்துவிட்டான். நீலா நெய்ச்சோறு, கோழி வறுவல், இறால் தொக்கு என்று மேசையை நிரப்பியிருந்தாள். வந்தவன் கையில் இனிப்புப் பெட்டிக்குப் பதில் ஒரு கனத்த ஃபைல் இருந்தது. பத்தாம் வகுப்பிலிருந்து வாங்கிய மதிப்பெண் பட்டியல் அத்தனையும், உறை போட்டு, வரிசையாக. சிவசங்கரனுக்கு அவனை அப்போதே பிடித்துவிட்டது. இருவரும் சோபாவில் நெருக்கி உட்கார்ந்து முப்பத்தோரு கட்டத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். மொத்தம் முப்பத்தாறு மாதம் உதவி கிடைக்கும் என்றதும், அதற்குள் எம்.பி.ஏ.வும் சட்டமும் முடித்துவிடலாமா என்று விமல் கணக்குப் போட்டான். சட்டத்துக்கு வருகைப்பதிவு கண்டிப்பாயிற்றே என்று மாமா கவலைப்பட்டார். ஷ்ருதி எதிரில் உட்கார்ந்து இறாலை ரசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவளை யாரும் கவனிக்கவில்லை.

அரைமணி கழித்து விமலுக்கே கூச்சமாகிவிட்டது போலும். பெண்ணிடம் ஏதாவது பேச வேண்டுமே என்று நிமிர்ந்து, "ஆமா, உங்களுக்கு என்ன படிக்கணும்னு ஆசை?" என்றான்.

சிவசங்கரன் தன் தாளை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். அந்தக் கேள்விக்குக் கட்டம் இல்லை. மூன்று வாரத்தில் இதை ஒருத்தரும் கேட்டிருக்கவில்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"குதிரைக்கு லாடம் அடிக்கக் கத்துக்கப் போறேன்" என்றாள் ஷ்ருதி.

நீலா கையிலிருந்த தயிர்ப் பச்சடியைக் கீழே வைத்தாள். ஷ்ருதி நிதானமாக விவரம் சொன்னாள். சனிக்கிழமைகளில் ரிஃபாவில் ஒரு லாயத்துக்குப் போய் வருகிறாள்; அங்கே லாடம் அடிக்கும் செய்கு அலாவுதீன் என்ற காயல்பட்டினத்துக்காரருக்குக் குதிரையின் காலைத் தூக்கிப் பிடித்துக் கொடுக்கிறாள். இரும்பைக் காய்ச்சி அடிக்கும் அந்த வேலை மனசுக்குப் பிடித்துப்போயிற்று. ஓக்லஹோமாவில் அதற்கென்றே ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது.

சிவசங்கரன் நாற்பத்திரண்டு பக்கத்தையும் பரபரவென்று புரட்டினார். பட்டம் தராத தொழிற்பள்ளிக்குப் புதுத் திட்டத்தில் காசு கிடையாது, பழையதில் உண்டு. முப்பத்தோரு கட்டத்தில் இருபத்தேழை ஜெயித்திருந்த புதுத் திட்டம் ஒரே லாடத்தில் சுருண்டு விழுந்துவிட்டது. புரட்டிய வேகத்தில் இன்னொரு வரியும் கண்ணில் பட்டது. கணவனுக்கு எழுதி வைக்க ஆறு வருஷமாவது பணியில் இருந்திருக்க வேண்டும். அதற்குமேல் இன்னும் நாலு வருஷம் இருப்பதாகக் கையெழுத்தும் போட வேண்டும்.

"உனக்கு அஞ்சு வருஷம்தானேம்மா ஆகுது?"

"ஆமா மாமா."

"தெரிஞ்சுக்கிட்டேவா சும்மா இருந்தே?"

"மாப்பிள்ளை வர்றாங்கன்னா அத்தை இறால் செய்வாங்கன்னு தெரியும்" என்றாள் அவள். நீலாவுக்குக் கோபம் வர வேண்டியது. ஆனால் சமையலைப் புகழ்ந்தால் அவளுக்கு எந்தக் கோபமும் நிற்காது. முறைக்கப் பார்த்து முடியாமல் சிரித்துவிட்டாள்.

விமல் ஃபைலை மூடினான். விமானச் செலவு வீணானதில் அவனுக்கு வருத்தம் இருந்திருக்கும். ஆனாலும் குதிரை உதைக்காதா என்று உண்மையான அக்கறையோடு கேட்டான். பக்கவாட்டில் நின்றால் உதைக்காது, பின்னால் நின்றால்தான் ஆபத்து என்று ஷ்ருதி எழுந்து நின்று செய்து காட்டினாள். அதற்குக் குதிரையாக விமலே குனிந்து நிற்க வேண்டியதாயிற்று. பெண் பார்க்க வந்த இடத்தில் ஒருவன் நாலு கால் போட்டு நின்றதை அந்தக் குடும்பம் அதுவரை கண்டதில்லை. பிறகு அவன் இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு மாலை விமானத்தில் மஸ்கட் போனான்.

ஷ்ருதி பழைய திட்டத்திலேயே இருந்துகொண்டாள். நவம்பரில் ஓக்லஹோமாவுக்குப் போய்ச் சேர்ந்தாள். சிவசங்கரன் ஆலையில் யார் கேட்டாலும், அவள் கால் எலும்பு சம்பந்தமாக ஏதோ படிக்கிறாள் என்று சொல்லிவைத்தார். நீலா அவ்வளவு தூரம் போகவில்லை. காலணித் துறையில் விசேஷப் படிப்பு என்று ஊருக்குச் சொல்லிவிட்டாள். பொங்கல் சமயத்தில் திருச்சியிலிருந்து ஒரு பெரியப்பா தன் பாத அளவைக் காகிதத்தில் வரைந்து, பழுப்பு நிறம், கட்டை விரலுக்குக் கொஞ்சம் இடம் விட்டு, என்று குறிப்பெழுதித் தபாலில் அனுப்பியிருந்தார்.